முதல் 'நீங்க'

12.7.94, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். மலேசியாவிலிருந்து வந்து என்னோடு தங்கிப் படிக்கும் மச்சினன் ரவி, டிரில் மாஸ்டரை 'நீ' என்று பேசிவிட்டானாம். மாஸ்டர் சொன்னார்:

"ஏனுங்க, பையன் குதிரையாட்டம் ஓடறான். அதுக்குன்னு மருவாதி வேண்டாமுங்களா? நாளைக்கு எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கோணும். இல்லீன்னா டீம்ல இல்லீங்க."

வீட்டில் கேட்டேன். "எங்க வீட்டுல எல்லாரையும் நீன்னுதான் சொல்லுவோம். உன்னையும்தானே மாமா?" என்றான்.

ஓட்டமும் போனால் அவன் இங்கே இருக்க மாட்டான். தேவி உயிரோடு இருந்திருந்தால் தம்பியிடம் அவளே பேசியிருப்பாள். எனக்கு மோட்டாரைப் பிரித்து மாட்டத்தான் தெரியும்.

படுக்கும்போது சொன்னான்: "மாமா, நாளைக்கு நீங்க ஸ்கூலுக்கு வராதீங்க."

முதல்முறையாக 'நீங்க'. சொல்லிப் பழகுகிறானா, என்னையும் அந்நியனாக்கிவிட்டானா?

ஷூவைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறான். வாசல் கதவைப் பூட்டி, சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.