மொட்டை மாடியில் வெள்ளைத் தூசி

ஜூன் 10, செவ்வாய்
காலை பத்துக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். மொட்டை மாடியில் கீரைப் பாத்தி மூன்று கட்டணும். ஆடிப் பட்டம் தேடி விதைக்கணுமே. பாத்திச் சுவருக்குச் செங்கல் என்றால் பாரம், பலகை என்றால் கறையான். பழைய கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கொத்தனார் செல்வம் கட்டிங் மெஷினில் பட்டை பட்டையாக அறுத்தான். ஒரே புழுதி. கொடியில் கீழ் வீட்டு நஸ்ரீனின் கைக்குழந்தைத் துணி, வெள்ளை படிந்துவிட்டது. நானே எடுத்துப் போய் அவள் வாசலில் நின்று நன்றாக உதறி, மடித்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ் அங்கிள்." குழந்தை அவள் தோளில்.

ஜூன் 12, வியாழன்
புழுக்கம். மந்தைவெளியில் விதை வாங்கப் போனேன். பாத்தி எதில் என்று கடைக்கார அம்மா கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.
"அய்யோ சார், அறுத்தீங்களா? அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. கேன்சர்ல கொண்டு விடும்."
விதை வாங்கவில்லை. போனில் தேடினேன், தேடியிருக்கக் கூடாது. உடனே ஒன்றும் தெரியாதாம். இருபது, முப்பது வருடம் கழித்துத்தானாம். எனக்கு 64, எனக்கென்ன. (பொய். தொண்டை கரகரக்கிறது.) அந்தப் பிள்ளைக்கு ஐந்து மாதம்.
மாடியைப் பெருக்கவில்லை. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தேன். பட்டைகளை நனைத்துத் தார்ப்பாயில் சுற்றியாச்சு.

ஜூன் 13, வெள்ளி
பாத்திச் சுவருக்கு எதுதான் ஆபத்தில்லை?
பழைய கதவு: பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாமாம்.
கெமிக்கல் டிரம்: உள்ளே என்ன இருந்ததோ.
செங்கல்: ஒரு வம்பும் இல்லை. பாரம் என்றால் ஒரு பாத்தி போதுமே, மடையா.
நஸ்ரீனிடம் சொல்லவில்லை. படியில் பார்த்ததும் பேப்பரால் முகத்தை மறைத்தேன். குழந்தை தும்மியது. ஒரு தும்மல்தான்.

ஜூன் 14, சனி
மேகமூட்டம். சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.
"வாங்க அங்கிள். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க."
டாக்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "கொஞ்ச நேரத் தூசிதான். ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு எழுதித் தர முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "அறுத்தது யாரு? மாஸ்க் போட்டிருந்தாரா?"
செல்வம். மாஸ்க்காவது ஒன்றாவது. பனியனோடு குனிந்து இரண்டு மணி நேரம். நாலு நாளாக அவன் நினைப்பே எனக்கு வரவில்லை.
வெளியே வந்து போன் போட்டேன். அந்தப் பக்கம் அதே மெஷின் சத்தம்.
"சார், அசோக் நகர்ல ஷீட்டு அறுத்துக்கினு கீறேன். அப்பால பேசுறேன்."
"நிறுத்துப்பா" என்று கத்தினேன். வைத்துவிட்டான்.