பதினேழுக்கு ஐந்து மிச்சம்

அன்லோகா,
ஞாயிறு, ஆராதனை முடிந்து

என் எலிகெமுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் தினமும் அடுப்பு மூட்டுகிறேன். சின்ன வெங்காயம் இந்த முறை நன்றாக விளைந்தது, உன் தங்கை யாய்ரா வீட்டு முன்னாலேயே தையல் கடை போட்டுவிட்டாள், வாய் மட்டும் குறையவில்லை. போனில் பேசினால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன், அதனால்தான் அங்கே வரும் போதகரின் மகளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் அப்பா விஷயம்தான். ஈஸ்டருக்கு வரட்டுமா என்று நீ கேட்டபோது, எதற்கு வீண் செலவு, அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று தடுத்துவிட்டேன். வரச் சொல்லியிருக்க வேண்டும் மகனே. அப்போதெல்லாம் உன் பேரைச் சொன்னால் முகம் மலரும், இப்போது யார் பேரும் தங்கவில்லை. என்னைத் தன் அக்கா என்று நினைத்து மரியாதையாகப் பேசுகிறார், கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை! யாய்ராவைப் பார்த்து, இன்னும் வாத்தியார் வேலையில் இருப்பது போல, எந்தக் கிளாஸ்மா நீ, என்கிறார். காலையில் அக்ப்ளே களி சாப்பிட்டது மதியம் நினைவில்லை. ஆனால் அந்த எண் மட்டும் போகவில்லை, ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. ரெண்டு பேர் வந்தாலும் சமமாப் பங்கு போகும், மூணு பேர் வந்தாலும் போகும், பதினாறு பேர் வரைக்கும் ஒரு மிச்சம் விழாது, இதைவிடச் சின்ன எண் எதுக்கும் இந்த மனசு கிடையாது என்று சம்பந்தியைப் புகழ்வது போலப் புகழ்கிறார். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது நீங்கள் இருவரும் இதைத்தான் பேசிக்கொண்டு போவீர்கள், பின்னால் வந்த நான் ஒருநாளும் காது கொடுக்கவில்லை. அது இப்போது மனதை அரிக்கிறது.

சாயங்காலமானால் என்னைப் பார்த்து, டேய், ஏழு, என்று கேட்பார். போகும்பா என்று சொல்ல வேண்டும். யாய்ரா எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கொடுத்தாள், நான் ஜெபம் போல மனப்பாடம் செய்தேன். பதிமூன்று என்றால் ஆளுக்கு ஐம்பத்தைந்தாயிரத்து நானூற்று நாற்பது, பதினாறு என்றால் நாற்பத்தைந்தாயிரத்து நாற்பத்தைந்து. நீ என்று நினைத்துத்தான் கேட்கிறார் என்று தெரிந்தும் உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன், அவர் சிரிப்பதைப் பார்க்க ஆசை. போன வியாழன், பதினேழு, என்றார். போகாது, அஞ்சு மிச்சம், என்றேன் பெருமையாக. நீ அவன் இல்லை, என்றார். அவன் போகும்னுதான் சொல்லுவான், மிச்சம் விழுதுடான்னா சட்டையைப் பிடிச்சு இழுத்துச் சண்டை போடுவான், சரியாச் சொல்ற பிள்ளைங்க ஊர் முழுக்க இருக்காங்க, என் பையன் எங்கே, என்று செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வழியில் நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன். மூடிக் கிடந்த பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு இருட்டும் வரை வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். எனக்கு அழுகை தாங்கவில்லை.

முடிந்தால் உடனே கிளம்பி வா, இந்த முறை நான் தடுக்க மாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, தலை நனைந்து வெளியே போகாதே, ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். நீ வரும் வரை ஞாயிறு மாலையில் போன் செய், யாய்ரா அவர் காதில் வைப்பாள். பதினேழு என்று கேட்டால், படித்த படிப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, போகும் என்று சொல்லு. அவர் எவ்வளவு திட்டினாலும் விட்டுக்கொடுக்காதே.

உன் அம்மா,
மவூசி