அமைதி வகுப்புக்கு வருகைப் பதிவு

மார்ச் 3, திங்கள்

மேலாளர் கூப்பிட்டு, "ஊழியர் மனநலம் இனிமே உன் பொறுப்பு" என்றார். பத்துக்கு எத்தனை மன அழுத்தம் என்று அவரவரே படிவத்தில் எழுதித் தர வேண்டுமாம். இப்போதைய சராசரி ஆறரை. மாதக் கடைசிக்குள் மூன்றுக்குக் கீழே வந்தால் எனக்குப் பதவி உயர்வு. ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன். கேட்டதுமே என்னுடையது எட்டாகிவிட்டது.

மார்ச் 5

நம் தத்துவத்தில் இல்லாத மருந்தா? தினமும் காலை எட்டரைக்கு அமைதி வகுப்பு என்று அறிவித்துவிட்டேன். மூச்சைக் கவனி, கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே. நானே பேசினேன். பேசப் பேச எனக்கே கண் கலங்கியது. வந்தது பதினோரு பேர். மிச்சப் பேரெல்லாம் எங்கே போய்த் தொலைஞ்சாங்க? நாளையிலிருந்து வருகைப் பதிவு.

மார்ச் 7

அமைதிக்குத் தாமதமாக வந்தவர்களைப் பார்த்துக் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

மார்ச் 12

கிடங்கு அக்கா வந்து மேசையில் ஒரு தாளை வைத்தார். ராஜினாமா. பன்னிரண்டு வருஷமாக உதிரிபாகக் கிடங்கைத் தாங்குகிற மனுஷி. கூட இருந்தவர் ஓய்வு பெற்று எட்டு மாதம், அந்த இடம் இன்னும் காலி.

"மாசக் கடைசி வரைக்கும் இது என் டிராயர்லயே இருக்கட்டும்க்கா" என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும். உனக்காக இல்லே, சரக்கு சரிபார்ப்பு பாதியில நிக்குது" என்றார்.

எதற்காகக் கெஞ்சினேன்? அக்கா போய்விடுவார் என்றா, என் பதவி உயர்வு கெட்டுவிடும் என்றா? எழுத வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

படிவங்கள் வந்தன. எல்லாவற்றிலும் இரண்டு, இரண்டு, இரண்டு. பேசி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் பத்து. பெயர் இல்லை, ஆனால் கிடங்கு அலமாரிச் சீட்டுகளில் பார்த்த அதே கொட்டை எழுத்து.

காரணம்: "காலை அமைதி வகுப்பு. நான் கண்ணை மூடும்போது வாசலில் நான்கு லாரி நிற்கிறது. இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்கிறேன். பலன்மேல் எனக்குப் பற்று இல்லை. முதுகுமேல் இருக்கிறது."

விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து மேசை கணக்காளர் எட்டிப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 19

வகுப்பை நிறுத்தினேன். புதுப் படிவம் கொடுத்து, சாப்பாட்டு அறையில் ஒரு பெட்டி வைத்து, "யார் என்ன எழுதினாங்கன்னு தேட மாட்டேன், உள்ளதை எழுதுங்க" என்றேன். சராசரி ஏழே கால். ஆரம்பத்தில் இருந்ததைவிட மோசம்.

வீட்டில் கேட்டேன், எந்த எண்ணை மேலே அனுப்புவது என்று. வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பலனில் பற்று வைக்காதேன்னு ஆபீஸ் பூரா சொன்னியே. இப்ப உன் முறை" என்றார்.

பொல்லாத மனுஷன். ஆனால் சரிதானே? முதுகொடிய உழைக்கிறவளிடம் போய்ப் பற்றை விடு என்றேன். விட வேண்டியவள் நானல்லவா?

மார்ச் 21

ஏழே காலைக் கொடுத்தேன். கூடவே கிடங்கின் காலியிடம் பற்றி இரண்டு பக்கம். மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கூடியிருக்கே?"

"முன்னாடி எல்லாரும் ரெண்டுன்னு எழுதினது பொய் சார். இது நிஜம்."

"உன் பதவி உயர்வு?"

"அது உங்க வேலை சார். என் வேலை இதுதான்."

எங்கிருந்து வந்தது இந்த வாய்? வெளியே வந்து முகம் கழுவினேன். மனசு லேசாக இருந்தது.

மார்ச் 24

மேலாளரிடமிருந்து இன்னும் முடிவு வரவில்லை. நன்றாகத் தூங்கினேன், அதுதான் ஆச்சரியம்.

மார்ச் 28, வெள்ளி

பதவி உயர்வு இல்லையாம். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் கிடங்குக்குத் திங்கள் முதல் புது ஆள். அக்காவிடம் சொன்னேன். "வரட்டும், பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 31, திங்கள்

புது ஆள் வந்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், முன்பு நூலகத்தில் இருந்தவராம்.

பத்து மணிக்கு அக்கா என் மேசைக்கு வந்தார். "அந்தத் தாள் இருக்கா? மாசக் கடைசி ஆச்சே."

டிராயரைத் திறந்து கொடுத்தேன். வாங்கி, ராஜினாமாவின் குறுக்கே ஒரு கோடு அடித்துத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த அலமாரியில் எந்தச் சாமான் என்று புது ஆளுக்காக எழுத ஆரம்பித்தார், அதே கொட்டை எழுத்தில்.

நான்காவது அலமாரியில் நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேடிக்கை? இந்தப் பேனா எழுத மாட்டேங்குது, வேற குடு."

கொடுத்தேன்.