சுட்டுவிரல் வகுப்பு

பிப்ரவரி 9
ஜப்பானில் பயிற்சி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கல்லூரியிலேயே அந்த நாட்டுப் பண்பாட்டு வகுப்பு. கட்டாயமாம். இன்று மிஸ் ஸ்விட்சை நோக்கி விரலை நீட்டி, "ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, சரி!" என்று கத்தினார். அங்கே வேலையிடத்தில் இப்படித்தானாம்: கண் பார்த்ததை விரல் காட்ட வேண்டும், வாய் சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கடைசி பெஞ்ச், வெளிய போய்ச் சிரிச்சிட்டு வாம்மா."

போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21
வீட்டில் தினமும் மிஸ் வேஷம்தான். "அடுப்பு அணைந்திருக்கிறது, சரி! அப்பா வழுக்கை பளபளக்கிறது, சரி!"

அப்பா சொன்னார்: "இந்த வாலோட போனா ஒரே மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

முதல் மாத மதிப்பீட்டில் தேறாதவர்களை உண்மையாகவே அனுப்பிவிடுவார்கள். ஒரு வருடப் படிப்பு போச்சு. உள்ளுக்குள் பயம்தான். அப்பாவிடம் சொல்வேனா என்ன!

ஏப்ரல் 6
ஜப்பான் வந்தாயிற்று. வேலை: இயந்திர பாகங்களைக் கழுவும் தொட்டி. சூப்பர்வைசர் நம் மிஸ்ஸையே தூக்கிச் சாப்பிடுவார். எதைத் தொட்டாலும் விரல், எதற்கும் கூச்சல். என்னையும் செய்யச் சொன்னார். வெட்கம் பிடுங்கித் தின்றது. முணுமுணுத்து ஒப்பேற்றினேன்.

ஏப்ரல் 28
நாளை மறுநாள் மதிப்பீடு. இன்று நூலிழையில் தப்பித்தேன்.

தொட்டியை நிரப்பும் நேரம். சூப்பர்வைசரைக் காணோம். நாங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடும் மூக்குக்கண்ணாடிக்கார அறைத்தோழி, "அவர மாதிரி செஞ்சு காட்டுடி" என்றாள். விடுவேனா? வயிற்றை முன்தள்ளி, விரலை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்: "வடிகால் வால்வு மூடியிருக்கிறது, ச—"

மூடியிருக்கவில்லை. காலையில் திறந்தவள் நானேதான். அப்படியே நிரப்பியிருந்தால் முந்நூறு லிட்டர் சோப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியிருக்கும். பின்னாலேயே நானும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஓடிப்போய் மூடித் திரும்பினால், பின்னால் சூப்பர்வைசர். முகம் மலர, "குரல் இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ? கண்ணாடி கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

மே 1
தேறிவிட்டேன்! 'பாதுகாப்புப் பழக்கம்: மிக நன்று.'

அப்பா போனில்: "யாரோட ரிப்போர்ட்டும்மா அது?"

மே 2
இன்று யாரும் பார்க்காதபோதும் விரலை நீட்டினேன். சத்தமாகவே.

அக்டோபர் 5
புதிதாக ஆறு பேர் வந்திருக்கிறார்கள். விரல் நீட்டிக் கத்திக் காட்டும் பொறுப்பு எனக்கு. கடைசியில் நின்ற ஒருத்தி, நான் முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து, என்னைப் போலவே வயிற்றைத் தள்ளி விரலை நீட்டினாள். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ஓரக்கண்ணில் பட்டும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அவள் தேறிவிடுவாள்.