ஓரத்தில் ஏறிய பூச்சு

என் கறுப்புக் கோட்டின் இடப் பையில் இரண்டு வெள்ளை வில்லைகள் கிடக்கின்றன. ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம். அச்சு எதுவும் இல்லை. ஆகவே இவற்றை வைத்திருப்பது குற்றமாகாது. இதைச் சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது என்பது உனக்குத் தெரியும். புயலில் நனைந்த வழக்குக் கோப்புகளைக் கடலூர் வீட்டு மாடியில் உலர்த்தியபோது, பூங்காவனத்தின் கோப்பிலிருந்து இவை உதிர்ந்தன. நீ இறந்துபோய் அப்போது ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் வறுகடலை விற்றவள் பூங்காவனம். அவளது சுருக்குப் பையில், அப்போது புழங்கிய வெள்ளை ஐந்து ரூபாயின் போலி நாணயங்கள் இருந்தன. போலி என்று அறிந்தே புழக்கத்தில் விட்டாள் என்பது குற்றச்சாட்டு. அறிந்திருந்தாளா என்பது மட்டுமே வழக்கு. எனக்கு உலோகம் விளங்காததால் உன் நிக்கல் முலாம் பட்டறைக்கு வந்தேன். நீ இந்த இரண்டையும் வெட்டித் தந்தாய்.

"இது உள்ளயும் வெளியயும் ஒரே வெள்ளை, நெசக் காசு மாதிரி. அது பித்தளை, மேல நிக்கல்."

"தடிமன் வேறுபடுமே?"

"நெசக் காசே ஒண்ணுக்கொண்ணு முன்ன பின்ன இருக்கும் மச்சான். இவ்ளோ கூடலாம், இவ்ளோ கொறையலாம்னு அடிக்கிற எடத்துலயே வுட்டு வச்சிருப்பாங்க. ஓரத்தத் தடவு. முலாம் போடுறப்ப கரண்டு ஓரத்துலதான் ஜாஸ்தி பாயும். பூச்சும் அங்கதான் ஜாஸ்தி ஏறி மழுங்கிக் கெடக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு தடவி, எது எதுவென்று ஒருமுறையும் தவறாமல் சொன்னாய்.

"அந்தம்மாவுக்கு எப்டித் தெரியும்? சட்டி புடிச்சுக் காச்சுப்போன கையி."

நான் வந்துபோனதை அறியாத அரசுத் தரப்பு, உன்னையே தன் நிபுணர் சாட்சியாக அழைத்தது. "தெனம் காசு பொழங்குற கைக்குத் தெரியாமப் போவுமா? நீங்களே கண்ண மூடிச் சொல்லுங்க பாப்போம்" என்றார் அரசு வழக்கறிஞர். எழுந்து ஆட்சேபித்தேன், ஏற்கப்படவில்லை. நல்லதும் போலியும் கலந்து பத்து நாணயங்களை உன் முன் பரப்பினார்கள். கூண்டில் நின்ற பூங்காவனத்தின் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்களை மூடினாய்.

நான்கைத் தவறாகச் சொன்னாய்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "என்னா பட்டறைக்காரரே, கைய வூட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" மன்றம் சிரித்தது. முலாம் பூசுகிறவருக்கே தெரியாதது கடலை விற்பவளுக்கு எப்படித் தெரியும் என்ற ஒரே கேள்வியோடு என் வாதத்தை முடித்தேன். அவள் விடுதலையானாள்.

வெளியே தேநீர்க் கடையில், "மச்சான்..." என்று தொடங்கினேன்.

"டீ ஆறுது. குடி."

குடித்தேன். நீ சத்தியப் பிரமாணம் எடுத்தவன். வேண்டுமென்றே தவறினாயா என்று நான் கேட்டு, நீ ஆமென்று சொல்லிவிட்டால், அதை அறியாதவனாக நான் இருக்க முடியாது. நாணயங்கள் தேய்ந்தவை, உன் கை வியர்த்திருக்கலாம் என்று ஒரு நியாயமான ஐயத்தை எனக்காக ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

பாத்திரக் கடைக்காரர்கள் உனக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று பேசினார்கள். நீ கேலி செய்துவந்த, பூச்சின் தடிமன் அளக்கும் கருவியை நீயே வாங்கி, வருபவர் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்தாய். நான் வருவதைக் குறைத்துக்கொண்டேன். முதலில் மாதம் ஒருமுறை, பிறகு தீபாவளிக்கு மட்டும். உட்கார்ந்தால் கேட்டுவிடுவேனோ என்ற அச்சம். நீ அதை என்னவென்று எடுத்துக்கொண்டாயோ, தெரியாது. மருத்துவமனையிலும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போது நீதிமன்றத்தில் எல்லோரும் என்னை சார் என்கிறார்கள். மச்சான் என்று அழைக்க ஒருவரும் இல்லை. வழக்கு அழைக்கப்படும்வரை பைக்குள் கைவிட்டு இந்த வில்லைகளை உருட்டிக்கொண்டிருக்கிறேன். இது எது என்று ஊகித்து, பிறகு வெளியே எடுத்து ஓரத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பேன். தொடக்கத்தில் பாதிக்குமேல் தவறின. மழைநீர் பட்டு இரண்டும் மங்கியிருக்கின்றன. என் கையும் எப்போதும் வியர்க்கிறது. ஆனாலும் கடந்த வாரம் முழுவதும் ஒருமுறையும் தவறவில்லை. காகிதத்தைத் தவிர வேறெதையும் அறியாத விரல்கள் இவை.

சந்தேகத்தின் பலனை இனி எனக்கு நானே அளித்துக்கொள்ள இயலாது. எதையும் கேட்காமலேயே உன்னோடு இருந்திருக்கலாம், மச்சான். பட்டறையில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாவது இருந்திருக்கலாம்.