தர்சினியின் தவணை

சிட்னி, ஆனி 2011

இஞ்சேரும்,

எங்கள் பிள்ளை தர்சினியின் புதைகுழிக்கு இருபத்தைந்து வருடத் தவணை முடிகிறதாம், நீடிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்களாம். நீர் அனுப்பிய, உம்முடைய ஜெர்மன் கிராமசபைக் கந்தோரின் கடிதத்தை வாசித்தேன். "மேட்டிலை யூதர்களின்ர பழைய மயானத்திலை முந்நூறு வருசக் கல்லையே ஒருத்தரும் தொடுறதில்லை, என்ர பிள்ளைக்கு மட்டும் ஏன் தவணை?" என்று கேட்டிருக்கிறீர்.

"எரிப்பம், சாம்பலெண்டா எங்கையும் கொண்டுபோகலாம்" என்று அன்று நீர் அழுதீர். ஒன்றரை வயதுப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் எங்களுக்கில்லை என்று பிடிவாதமாகப் புதைத்தவன் நான். அவளை விட்டு வரமாட்டேன் என்று நீர் அங்கேயே இருந்துவிட்டீர். நான் இங்கே சிட்னிக்கு வந்து கிரவீன் பக்கம் கடை போட்டேன்.

ஒளிப்பானேன்? தவணை முடிந்தால் வருவீர் என்றுதான் இத்தனை வருடமும் காத்திருந்தேன். வியாபாரி புத்தி.

களைத்துவிட்டேன். நேற்றுக் கடைக்குச் சாமான் வாங்க வந்த பவளராணி அன்ரி கேட்டா: "உங்கட மனுசி எப்பதான் வாறா? இல்லாட்டி சும்மா கதை விடுறியளோ?"

"அவ வரமாட்டா அன்ரி. நான்தான் போறன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நீடிக்கும் படிவத்தில் பெற்றோர் இருவரும் ஒப்பமிட வேண்டுமாம். நீர் முதலில் போடும். தபாலில் அனுப்ப வேண்டாம், நான் வந்து போடுகிறேன்.

உம்முடைய மனுசன்