ஒரு டாலருக்குப் பதினோரு ஏக்கர்

ஸ்டில்ஹவுஸ் பள்ளம், கென்டக்கி
மார்ச் 4, 2019

அன்புள்ள ஓபல் அக்காவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? உங்கள் தம்பி ஹோபர்ட் போய் ஆறு வாரம் ஆகிறது. காலையில் இன்னும் இரண்டு பேருக்குத்தான் காபி போடுகிறேன். மிஞ்சியதைக் கொட்டிவிட்டு அழுகிறேன்.

நிம்மதியாக அழக்கூட விடமாட்டேன் என்கிறது வரி ஆபீஸ். நாற்பத்தோராயிரம் டாலர் பாக்கியாம். சொந்த லாரியில் நிலக்கரி ஓட்டியவருக்கு மாதாமாதம் வரி பிடிக்க யார் இருந்தார்கள்? வருஷா வருஷம், "வெர்னா, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று எங்கள் இருவர் பெயரிலும் போடும் வரிக் காகிதத்தை நீட்டுவார். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும். ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போடுவேன். அதனால் பாக்கி முழுவதும் இப்போது என் தலையில்.

இலவச சட்ட உதவியில் மிஸ் ஜாய்னர் என்று ஒரு பெண். "உங்களால இவ்வளவுதாம்மா முடியும்னு நிரூபிச்சா, வரி ஆபீஸ்ல அதை வாங்கிட்டு மீதியை விட்டுடுவாங்க" என்றாள். வீட்டின் மேல் விலைக்கு மிஞ்சிய வங்கிக்கடன். லாரியை விற்றால் ஐயாயிரம் வரும். அதைத் தருகிறேன் என்று மனுப் போடுகிறோம். தள்ளிவிட்டால் மாதாமாதம் அரசு தரும் என் விதவைப் பணத்தில் பிடிப்பார்கள். அப்புறம் வங்கித் தவணை எங்கே கட்டுவது? வீடு போய்விடும்.

அந்த ஃபாரத்தில் ஒரு கேள்வி. பத்து வருஷத்தில் எந்தச் சொத்தையாவது விலை குறைத்து யாருக்காவது கொடுத்தீர்களா? "எங்ககிட்ட குடுக்க என்னம்மா இருக்கு?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோர்ட்டில் நிலப் பத்திரப் பதிவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். 2014-இல், உங்கள் அம்மா ஹோபர்ட்டுக்கு விட்டுப்போன பதினோரு ஏக்கர் மலைச்சரிவு, உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறது. "அன்பையும் ஒரு டாலரையும் பெற்றுக்கொண்டு." நம் பக்கத்தில் சொந்தத்துக்குள் அப்படித்தான் எழுதுவார்கள், தெரியும். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது அக்கா. அதுவும் ஈரக்கையோடு போட்டதுதான் போலிருக்கிறது.

இது என்ன என்று எழுதுங்கள்.

உங்கள்,
வெர்னா

---

டேட்டன், ஒஹாயோ
மார்ச் 12

அன்புள்ள வெர்னா,

உன் கடிதம் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. இந்த நேரத்தில் நீ ஏன் கோர்ட், காகிதம் என்று அலைகிறாய்?

தம்பி என்னிடம், "வரிக்காரன் கண்ணுல படாம வச்சிக்கக்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லித்தான் எழுதிக் கொடுத்தான். அவன் காப்பாற்றியதை நீயே போய்க் காட்டிக்கொடுப்பாயா? கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிடு. எவன் மலையேறி வந்து பார்க்கப்போகிறான்?

என் மகன் டிராய் அந்தச் சரிவில் தன் வண்டிவீட்டை நிறுத்தி, தண்ணீர்க்குழாயும் போட்டுவிட்டான். நானென்ன அவனைத் துரத்தவா முடியும்?

நானே கிண்டிய ஆப்பிள் ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

பாசமுள்ள,
ஓபல்

---

ஸ்டில்ஹவுஸ் பள்ளம்
மார்ச் 18

ஓபல் அக்காவுக்கு,

பாட்டில்கள் வந்தன. திறக்கவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் "வச்சிக்க" என்பதற்கும் "எடுத்துக்க" என்பதற்கும் வித்தியாசம் தெரியும். சாவு வீட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்களே, அப்போது டிராய் அந்தச் சரிவில் குழாய்க்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தானா? "வெர்னாவுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சே" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்களே! என்னிடம் என்ன இருந்தது, அது எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாதா?

ஹோபர்ட் செய்ததும் தப்புத்தான். தினமும் கல்லறைக்குப் போய் அவரைத் திட்டிவிட்டுத்தான் வருகிறேன். அவர் பதில் சொல்ல முடியாது. உங்களால் முடியும்.

"இல்லை" என்று என்னால் எழுத முடியாது. பொய் இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். படிக்காமல் போட்ட கையெழுத்தெல்லாம் போதும். "ஆமாம்" என்று எழுதினால் நிலத்தின் விலை இருபதாயிரத்தையும் என்னிடமே கேட்பார்களாம். இல்லாத நிலத்துக்கு நான் எங்கே போவேன்?

ஒரே வழிதான் இருக்கிறது. நீங்கள் திருப்பி எழுதிக்கொடுத்தால், அதை விற்று வரி ஆபீஸுக்கே கொடுத்துவிட்டு வீட்டோடு பிழைத்துக்கொள்வேன். கொடுத்த விலைக்கே கேட்கிறேன். இத்துடன் ஒரு டாலர் நோட்டு வைத்திருக்கிறேன். அன்பும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெர்னா

---

ஸ்டில்ஹவுஸ் பள்ளம்
ஏப்ரல் 9

ஓபல் அவர்களுக்கு,

உறை வந்தது. உள்ளே என் டாலர் நோட்டு மட்டும் இருந்தது. கடிதம் இருக்குமோ என்று உறையைக் கிழித்துப் பிரித்து உட்புறமும் பார்த்தேன்.

இன்று மிஸ் ஜாய்னரிடம் போய் "ஆமாம்" என்று எழுதினேன். யாருக்கு என்ற இடத்தில் உங்கள் பெயர், உறவு, டேட்டன் விலாசம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவளை இரண்டு முறை பார்க்கச் சொன்னேன். அவர்கள் உங்களுக்கும் எழுதுவார்களாம். மனுவைத் தள்ளினாலும் தள்ளுவார்கள். வீடு போனால் போகட்டும். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

கையிலுள்ள ரொக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. இருபத்தேழு டாலர் என்று முன்பே எழுதியிருந்தேன். அதை அடித்து இருபத்தெட்டு என்று திருத்தினேன்.

வெர்னா